அறுபது புள்ளி வருத்தம்

ஸ்கால்வியாக்காரர்களுக்கு அழுகிறவர்களைப் பிடிக்கும். கொலை செய்தவன், கொள்ளையடித்தவன், போலி மருந்து விற்றவன் என்று யாராக இருந்தாலும் பரவாயில்லை, வருந்தினால் போதும், விசா உண்டு. ‘ஒரு மனிதனை அவனுடைய கடந்தகாலத்தைக் கொண்டு நாங்கள் எடைபோடுவதில்லை’ என்று அவர்களுடைய தூதரக வாசலில் ஆறு மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. பதினோரு வருடமாக அதை யாரும் திருத்தவில்லை.

எடைபோட அவர்களிடம் ஒரு கருவி உண்டு. தலையில் மாட்டும் வளையம், ஒரு திரை, அவ்வளவுதான். குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டனை அனுபவித்த எவரும் குடியேற விண்ணப்பிக்கலாம். வளையத்தை மாட்டி உட்கார வைத்து, அவர் மீதான தீர்ப்பை அவருடைய தாய்மொழியிலேயே வாசிப்பார்கள். வாசிக்க வாசிக்க, உள்ளே எவ்வளவு வருத்தம் இருக்கிறது என்று கருவி அளந்து சொல்லும். நூற்றுக்கு அறுபது எடுத்தால் உள்ளே போகலாம். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் ஆயுளுக்கும் கதவு அடைப்பு.

தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஊரில் அடுத்த மாதமே அதற்கு கோச்சிங் சென்டர் வந்துவிடும். அதில் ஒன்று என்னுடையது. வடபழனியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, இரண்டாவது மாடியில். பெயர்ப்பலகையில் ‘புதுவாழ்வு பயிற்சி மையம், இயக்குநர்: பேராசிரியர் தயாபரன்’ என்றிருக்கும். நான் பேராசிரியர் இல்லை. ஒரு தனியார் கல்லூரியில் பன்னிரண்டு வருடம் உளவியல் விரிவுரையாளராக இருந்தவன். கீழே டீக்கடையில் எங்களை ‘அழுகை டியூஷன்’ என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

திருவேங்கடம் என்று ஒரு பில்டர் வந்தார். அவர் கட்டிய அடுக்குமாடி பாதியில் இடிந்து பதினோரு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். மூன்று வருடம் உள்ளே இருந்தவர். எங்களிடம் பழைய மாடல் கருவி ஒன்று உண்டு. முதல் நாளே அதில் எண்பத்து நான்கு எடுத்தார். தீர்ப்பின் இரண்டாவது பத்தி முடிவதற்குள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்.

“என்ன நினைச்சுக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“அந்தக் கேஸுக்காக நான் அலைஞ்ச அலைச்சல் சார். பி.பி. ஏறிப்போச்சு. என் பொண்ணு கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சு. எல்லாம் கண்ணு முன்னாடி வந்துருச்சு.”

“செத்தவங்க பேரு ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“யாரோ வடக்கத்திப் பசங்க சார்.”

தன்னை நினைத்துத் தானே அழுவதும் வருத்தம்தான், கருவிக்கு. அக்டோபரில் அவர் போய்ச் சேர்ந்தார். பனியில் நின்று கைகூப்பிய படம் ஒன்றைப் புத்தாண்டுக்கு அனுப்பினார். அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டுமே.

அந்தப் படத்துக்குக் கீழேதான் சுகிர்தா வந்து உட்கார்ந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, நாற்பது வயது, ஒரு காலத்தில் நர்ஸ். இரண்டு வாய்ப்புகளை ஏற்கெனவே தொலைத்திருந்தாள். முதல் முறை ஒன்பது புள்ளி, இரண்டாவது முறை ஏழு. இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கூலிக்குக் கொலை செய்தவன்கூட இருபது எடுப்பான்.

“எனக்கு வருத்தம் வரல்ல சாரே. நான் அத செய்யல்லியே. பின்ன எப்பிடி வரும்?”

எல்லாரும் சொல்வதுதான் இது. ஆனால் ஏழு புள்ளி எடுத்தவள் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும்.

அவள் வேலை பார்த்தது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பிரசவமாகி இரண்டு நாளான புஷ்பலீலா என்ற பெண்ணுக்கு வாந்தி நிற்கவில்லை. உடம்பில் பொட்டாசியம் குறைந்துவிட்டது. பொட்டாசியத்தைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். முதலாளியின் மகன், படிப்பு முடித்து வந்த புது டாக்டர், அதை ஊசியில் எடுத்து நேராக நரம்பில் குத்திவிட்டான். காலை பத்து மணி. அரை நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் இதயம் நின்றுபோனது. மாலைக்குள் ரிஜிஸ்டரில் ஊசி போட்டவர் என்ற இடத்தில் சுகிர்தாவின் பெயர் இருந்தது. கவனக்குறைவால் மரணம், இரண்டு வருடம்.

அவள் உள்ளே இருந்தபோதே புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு, ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, ஸ்கால்வியாவுக்குப் போய்விட்டான்.

“அவரு அங்க வேற கெட்டியாச்சு. அத விடும். எனக்க மவ ஜெர்லின் அங்கயாக்கும் இருக்கா. இப்போ பதினஞ்சு வயசு. அவளுக்கு பதினெட்டு ஆனா எனக்கு தாய் விசா கிடையாது.” செல்போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டினாள். “பள்ளிக்கூடத்துல எவனோ உனக்க அம்மை கொலைகாரின்னு சொன்னதுக்கு அவன அடிச்சுட்டு வந்து நிக்குதா. எனக்க அம்மை செய்யல்லன்னு ஒம்பது வருசமா எல்லாருக்க கூடவும் சண்டை.”

“ஒண்ணு சொல்லட்டுமாம்மா? இந்தத் தேர்வுல தப்பு செஞ்சவங்க பாஸ் ஆயிடுவாங்க. செய்யாதவங்கதான் ஃபெயில்.”

“அப்போ அந்த மெஷினு என்னத்துக்கு சாரே?”

“அந்த ஊர்க்காரங்க நிம்மதியா தூங்குறதுக்கு.”

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

பொதுவாக இப்படிப்பட்டவர்களுக்கு நான் மாற்றுவழி ஒன்று சொல்லிக்கொடுப்பேன். வருத்தம் எதைப் பற்றியது என்று கருவிக்குத் தெரியாது. தீர்ப்பை வாசிக்கும்போது வேறு எதையாவது நினைத்து வருந்தினால் போதும். சுகிர்தா மகளை விட்டுவிட்டுச் சிறைக்குப் போன நாளை நினைத்தாள். நாற்பது புள்ளி வரை ஏறியது. தீர்ப்பில் அந்த டாக்டரின் பெயர் வந்த இடத்தில் தடாலென்று விழுந்தது.

“என்னாச்சு?”

“அவனுக்க பேரக் கேட்டா எனக்கு பத்திக்கிட்டு வருது.”

“உங்க மூளையில வருத்தம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம் எரிஞ்சா வருத்தம் அணைஞ்சிடும். அந்த ஆள் மேல கோபம் இருக்குற வரைக்கும் உங்களுக்கு விசா கிடையாது.”

“அவன் மேல கோவப்படாம பின்ன யாரு மேல கோவப்படட்டு?”

நல்ல கேள்வி. ஒரு நல்ல மனிதனாக இருந்திருந்தால் அதோடு அவளை ஊருக்கு அனுப்பியிருப்பேன். நான் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

“அன்னிக்கு நடந்ததைத் தினமும் ஒரு தடவை எழுதுங்க. ஒரே ஒரு சின்ன மாத்தம். ஊசி அவர் கையில வேண்டாம், உங்க கையில இருக்கட்டும்.”

“பொய்யாக்கும்.”

“பொய்தான். மெஷினுக்குச் சொல்ற பொய். நாடகத்துல வேஷம் போடறதில்லையா, அந்த மாதிரி.”

எழுத ஆரம்பித்தாள். முதல் வாரம் பரீட்சைக்குக் கட்டுரை எழுதுகிறவள் மாதிரி விறைப்பாக எழுதினாள். நான் கேள்வி கேட்டேன். எந்தக் கை? கையுறை போட்டிருந்தீர்களா? அவளுக்குப் பதில் தெரியவில்லை. நடக்காததற்கு எப்படிப் பதில் தெரியும்? எனவே பதில்களை நானே கொடுத்தேன். வலது கை. கையுறை பெருவிரல் பக்கத்தில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலை நான் ஒரு மத்தியானம், லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டே யோசித்துக் கண்டுபிடித்தேன்.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் இல்லை, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அதை மறுபடி எழுதித்தான் உள்ளே வைக்கிறோம். கல்லூரியில் நான் வருடா வருடம் நடத்திய பாடம் இது. மாணவர்கள் தூங்கினார்கள். சுகிர்தா தூங்கவில்லை. பதினான்கு, முப்பத்தொன்று, நாற்பத்தேழு, ஐம்பத்தெட்டு என்று ஏறிக்கொண்டே வந்தாள்.

ஏழாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, வந்து உட்கார்ந்தவுடன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

“சாரே, பெருவிரல்ல ஈரம் தட்டிச்சு. கிழிஞ்ச எடத்துல மருந்து ஒழுகியிருக்கு. பச்சத்தண்ணி மாதிரி குளிர்ச்சி.”

ஈரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கிழிசல் என்னுடையது. ஈரம் அவளுடையது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் வளையத்தை மாட்டினேன். அறுபத்தாறு. கரும்பலகையில் பெரிதாக எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். மற்ற மாணவர்கள் கைதட்டினார்கள்.

தூதரகத்தில் எழுபத்தொன்று எடுத்தாள். அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தாராம். “எங்கள் சமூகத்துக்குத் தேவையான மனசாட்சி உங்களிடம் இருக்கிறது” என்றாராம். ஒன்பது வருடம் பொய் சொல்லாமல் இருந்தவளிடம் அவர்கள் காணாத மனசாட்சி அது.

அனுமதிக் கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, தாய் வருவதற்குச் சம்மதித்து முப்பது நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு ஐந்து வருடங்களுக்கு, வருடம் ஒருமுறை வருத்தத்தை மறுபடி அளப்பார்கள். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த நாகரிகமான தேசத்தில் ஒருவர் ஒருமுறை வருந்தினால் போதாது, வருந்திக்கொண்டே வரி கட்ட வேண்டும்.

சுகிர்தா சாமான் எடுக்க ஊருக்குப் போனாள். நான்கு நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு ஃபோன் வந்தது.

“நீருதான் அந்த தயாபரனா?”

“ஆமா, யாரு?”

“எனக்க பேரு கிறிஸ்துதாஸ். குலசேகரத்துல ரப்பர் வெட்டுத வேலை. செத்துப்போன புஷ்பலீலாக்க மாப்பிள்ளை. அந்த நர்ஸு பெண்ணுக்கு நீரு என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?”

வகுப்பை விட்டு மாடிப்படிக்கு வந்தேன்.

“நேத்து வந்து எனக்க கால்ல விழுந்து கெடந்து அழுதா. நான்தான் கொன்னேன், கையுறை கிழிஞ்சிருந்துதுன்னு சொல்லுதா. நான் அன்னைக்கு கஞ்சி பிளாஸ்க்கும் கொண்டு வாசல்ல நின்னேன். எனக்க கண்ணால கண்டேன். குத்தினது அந்த சின்ன டாக்டரு. இவ கையுறையே போடல்ல. எனக்க பெண்டாட்டிக்க நெத்தியத் தடவிக் குடுத்துக்கிட்டு நின்னா. கோர்ட்டுல ஏறிச் சொன்னேன். திரை கெடந்துது, உனக்கு சரியா தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லித் தள்ளிட்டானுவ. நான் பொய் சொன்னதா இவ இப்போ எனக்கிட்டயே சொல்லுதா. யாருவே நீரு?”

அன்றைக்கே ரயில் ஏறினேன். சுகிர்தா அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். கட்டில் மேல் புடவைகளை அடுக்கி வைத்து, எதைக் கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. முதல் நாள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவளின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு இப்போது இல்லை.

“சுகிர்தாம்மா, அந்தக் கையுறை நான் சொன்னது. நானா கற்பனை பண்ணிச் சொன்னது. நீங்க ஊசி போடல.”

“தெரியும் சாரே, நீங்கதான் சொன்னியள். நீங்க சொல்லல்லன்னா எனக்கு ஓர்மை வந்திருக்காது.”

“அது ஞாபகம் இல்லம்மா. நான் உண்டாக்கினது. மொத நாள் நீங்க என்ன சொன்னீங்க? செய்யலன்னு சொன்னீங்க.”

“குத்தம் செஞ்சவ எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவா.” ஒரு புடவையை மடித்து மேலே வைத்தாள். “ஒம்பது வருசமா கர்த்தர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன். நான் என்ன செஞ்சேன், எனக்கு எதுக்கு இது? ஒரு பதிலும் இல்ல. இப்போ பதிலு கிட்டியிருக்கு. செஞ்சதுக்கு அனுபவிச்சேன், கணக்கு தீந்துது. எப்பிடி ஒறங்குதேன் தெரியுமா? அதையும் பிடுங்கணுமா உங்களுக்கு?”

 இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையில் ஐந்து வருட அளவீடு ஞாபகம் வந்தது. இவளை நம்ப வைத்துவிட்டால் இவளுடைய விசா போய்விடும். நல்லவேளை, இவள் நம்பவில்லை.

“ஜெர்லின் கையெழுத்துப் போட்டுட்டாளா?”

அவள் கை நின்றது. “போடமாட்டாளாம். நான் அவளுக்கு ஃபோன்ல உள்ளதச் சொன்னேன். அம்மைதான் செஞ்சேன் மக்களேன்னு. அவ ஃபோன வச்சிட்டா. பெறவு ஒரு மெசேஜ். ‘ஒம்பது வருசம் என்னப் பொய்யி சொல்ல வச்சுட்டே. வராண்டாம்’னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவ கோவம் நியாயந்தானே சாரே. நான் செஞ்சதுக்கு இதுவும் வேணும்.”

ஜெர்லினின் எண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வந்து கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. நான் யார், என்ன செய்தேன் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். நோட்டுப் புத்தகம், கிழிசல், ஏழு வாரம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்போ அம்மைக்கு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க,” என்றாள். அப்பாவிடம் கேட்டுக் கேட்டு வந்த தமிழ், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். “இப்போ எனக்கும் சொல்லிக் கொடுக்கிறீங்களா?”

“இல்லம்மா, இது உண்மை.”

“அதையும் நீங்கதானே சொல்றீங்க.”

இணைப்பைத் துண்டித்துவிட்டாள். என் தொழிலைப் பற்றி இவ்வளவு சரியாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் பஸ் பிடித்துக் குலசேகரம் போனேன். கிறிஸ்துதாஸ் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் இருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. சுகிர்தாவின் மகள் கையெழுத்துப் போட மறுக்கிறாள் என்றதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“கூப்பிடும் அந்தப் பிள்ளைய. மொகத்தப் பாத்துப் பேசணும். நீரு தள்ளி நில்லும்.”

தள்ளி நின்றேன். அவர் பேசியது எனக்குக் கேட்டது. பிளாஸ்க், வாசல், திரை, டாக்டரின் கை, மனைவியின் நெற்றியில் இருந்த சுகிர்தாவின் கை. எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. கடைசியாக, “எனக்க பெண்டாட்டிய கொன்னவளுக்காக நான் எதுக்கு மக்களே பொய்யி சொல்லப் போறேன்?” என்றார். மறுபக்கத்தில் ஜெர்லின் அழுதாள். அழுது முடிக்கும்வரை அவர் திரையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

“நான் சைன் பண்றேன்,” என்றாள் ஜெர்லின். “அம்மை வந்ததும் நான் சொல்வேன். நீ செய்யல்ல, அந்த மாமா பார்த்தாரு என்று சொல்வேன்.”

“சொல்லக்கூடாதும்மா.”

“ஏன்?”

“நீ சொன்னா அம்மா நம்பினாலும் நம்பிடுவாங்க. நம்பிட்டா வருத்தம் போயிடும். அடுத்த வருஷம் அளக்கும்போது திருப்பி அனுப்பிடுவாங்க.”

 அவளுக்குப் பின்னால் டிராம் மணி ஒன்று கேட்டது.

“எத்தனை வருஷம்?”

“அஞ்சு.”

“அதுவரைக்கும் அம்மை கொலை செஞ்சாள் என்று நானும் நினைக்கிற மாதிரி இருக்கணுமா?”

“ஆமா.”

கிறிஸ்துதாஸ் என்னைப் பார்த்தார். ரப்பர் பால் திரிந்து போனால் அதை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். கொட்டகைக்குள் போய் வேலையைத் தொடர்ந்தார்.

ஜெர்லின் கையெழுத்துப் போட்டாள். சுகிர்தா மே மாதம் போய்ச் சேர்ந்தாள். அங்கே போன பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, எனக்கு ஃபோன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சாரே, எனக்க மவ என்ன மன்னிச்சுட்டா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போ எனக்க வலது கையப் பிடிச்சிக்கிட்டு, அம்மை, நீ செஞ்சத நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னா. பதினஞ்சு வயசு பிள்ளைக்கு என்னா மனசு பாருங்க! கொஞ்சம் நில்லுங்க, அவளுக்கு உங்ககிட்ட பேசணுமாம்.”

ஃபோன் கை மாறியது. ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஜெர்லின் மெதுவான குரலில் பேசினாள்.

“சார், இன்னைக்கு அம்மை கையைக் காட்டி, இந்த விரல்தான் என்று சொன்னாள். நான் ஆமா என்று சொன்னேன். இனிமேலும் எனக்கு அதைச் சொல்ல முடியாது சார். என் முகத்தில தெரிஞ்சிடும் என்று பயமா இருக்கு. உங்ககிட்ட இதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா?”

இருந்தது. ஏழு வாரம் வேண்டாம், மூன்றே வாரத்தில் அவளையும் நம்ப வைத்திருப்பேன்.

“இல்லம்மா,” என்றேன்.